முப்பத்தோராம் நம்பர்

எனக்கும் பந்துக்கும் சிறு வயது முதலே ஒத்துக் கொண்டதில்லை. பள்ளிக்கூட மைதானத்தில், பந்து எந்தப் பக்கம் வருகிறதோ அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் போய் நிற்பது என் வழக்கம். அதை ஒரு கலையாகவே பழகி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவன், ஒரு புட்பால் கோச் இறந்து போனதற்காக, முன்பின் தெரியாத மனிதர்களோடு ஒரு சிலையின் அடியில் தொப்பியைக் கையில் பிடித்துக் கொண்டு நின்றேன் என்றால் என் நண்பர்கள் நம்ப மாட்டார்கள். ஆனாலும் நின்றேன். நின்ற இடத்தில் எனக்கு ஒரு பழைய கடன் ஞாபகத்துக்கு வந்தது.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நான் மெல்போர்ன் நகரில் மகன் வீட்டில் இருந்தேன். செப்டம்பர் மாதத்தில் அந்த ஊருக்கு ஒரு ஜுரம் வரும். அவர்களுடைய புட்பால் பந்தயங்கள் இறுதிக் கட்டத்துக்கு வருகிற மாதம் அது. ரொட்டிக் கடையிலும், டிராமிலும், ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதே பேச்சுத்தான். கழுத்தில் கட்டியிருக்கும் மப்ளரின் நிறத்தைப் பார்த்தே இன்னார் இன்ன கட்சி என்று தெரிந்து கொண்டு விடலாம். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் மெல்போர்ன். கருநீலமானால் கார்ல்டன். வேறு நிறங்களும் பல உண்டு. நிறத்தைத் தெரிந்து கொள்ளாமல் பேச்சுக் கொடுத்தால் ஆபத்து.

புட்பால் என்றதும் வாசகர்கள் உருண்டையான பந்தை நினைத்துக் கொள்ள வேண்டாம். இந்த ஊர்ப் பந்து உரித்த தேங்காய் மாதிரி நீளவாட்டமாக இருக்கிறது. மைதானமும் முட்டை வடிவம். கட்சிக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் காலால் உதைக்கலாம். கையில் பிடித்துக் கொண்டு ஓடலாம். ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்கு அனுப்பலாம். இதற்கு ஹாண்ட்பால் என்று பெயர். ஒவ்வொரு கோடியிலும் நான்கு கம்பங்கள் இருக்கும். நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு பாயிண்டு. குறி தவறி ஓரக் கம்பத்துப் பக்கம் போனாலும் ஒரு பாயிண்டு உண்டு. முயன்று தவறியவனுக்கும் ஏதோ கொடுத்தனுப்புகிற ஆட்டத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. எனக்கு உடனே அதன் மேல் ஒரு பிரியம் உண்டாகிவிட்டது.

என் பேரனுக்குப் பத்து வயது. அவன் மெல்போர்ன் கட்சி. அந்த மாதம் அவனுக்கு இரண்டு துக்கங்கள் நேர்ந்தன. முதலாவது, அவன் ஆடுகிற பேட்டைச் சிறுவர் கோஷ்டியின் கோச் சம்பந்தப்பட்டது. அவர் தொழிலில் எலெக்ட்ரீஷியன். சனிக்கிழமை காலைகளில் குளிரில் நின்று, சம்பளமில்லாமல், தொண்டை கட்டும்வரை கத்துகிறவர். அடுத்த வருஷம் முதல் பக்கத்துப் பேட்டைக் கோஷ்டிக்குப் போகப் போவதாக அறிவித்துவிட்டார். வீடு மாறுகிறாராம். பேரன் அந்தக் காரணத்தைக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. "துரோகி" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். கடைசி நாளன்று அவரிடம் சொல்லிக் கொள்ளாமலே வந்துவிட்டான்.

இரண்டாவது துக்கம் செப்டம்பர் 15-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை இரவு. மெல்போர்னுக்கும் கார்ல்டனுக்கும் அரை இறுதி ஆட்டம். எம்.சி.ஜி. என்று அவர்கள் செல்லமாக அழைக்கிற மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் 96 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து டெலிவிஷனில் பார்த்தோம். கடைசி நிமிஷம் வரையில் மெல்போர்ன்தான் முன்னால் இருந்தது. அந்தக் கடைசி நிமிஷத்தில் கார்ல்டன்காரர் ஒருவர் பந்தை நடுக் கம்பங்களுக்குள் உதைத்துவிட்டார். 73-க்கு 71. மெல்போர்ன் கட்சி பதினேழு முறை குறி தவறி ஒற்றைப் பாயிண்டாக எடுத்திருந்தது. பேரன் மப்ளரால் முகத்தை மூடிக் கொண்டு சோபாவில் கவிழ்ந்து விட்டான். "ரெண்டே ரெண்டு பாயிண்டு, தாத்தா!" என்று மப்ளருக்குள்ளிருந்து குரல் வந்தது.

மறு நாள் சனிக்கிழமை செய்தி வந்தது. ரான் பராஸி காலமானார், வயது 87.

என் மகன் கையிலிருந்த காப்பியை அப்படியே கீழே வைத்துவிட்டான். அவன் அந்த ஊருக்குக் குடியேறிப் பதினைந்து வருஷம்தான் ஆகிறது. பராஸி ஆடியதையோ, கோச்சாக இருந்து கத்தியதையோ நேரில் பார்த்தவனில்லை. இருந்தாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்விட்ட மாதிரி அவன் முகம் ஆகிவிட்டது.

"யார் அவர்? எந்தக் கட்சி?" என்று கேட்டேன்.

"நம்ம கட்சி தாத்தா! மெல்போர்ன்!" என்றான் பேரன்.

"கார்ல்டனும்தான்" என்றான் மகன்.

பேரன் தகப்பனைப் பார்த்த பார்வையை நான் வர்ணிக்க விரும்பவில்லை. நேற்று இரவுதான் அந்தக் கார்ல்டன் அவன் நெஞ்சில் உதைத்திருக்கிறது. "அதெப்படி ரெண்டு கட்சியிலயும் இருக்க முடியும்?" என்று கேட்டான். அதற்குப் பதில் ஒரு வாக்கியத்தில் அடங்குவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் ரயிலேறினோம். எம்.சி.ஜி. வாசலில் பராஸியின் வெண்கலச் சிலை இருக்கிறது என்றும், ஜனங்கள் அங்கே பூ வைக்கப் போவார்கள் என்றும் மகன் சொன்னான்.

ரயிலில் அவன் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததுமாகச் சேர்த்து அந்தக் கதையைச் சொல்கிறேன். ஒரு நாவலுக்கு வேண்டியது அத்தனையும் இதில் இருக்கிறது. நான் எழுதியிருந்தால், இவ்வளவு தற்செயல்கள் கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

பராஸி 1936-ஆம் வருஷம் விக்டோரியா மாகாணத்தில் காஸில்மேன் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனாருக்கும் ரான் பராஸி என்றே பெயர். அவர் மெல்போர்ன் கட்சிக்கு ஆடியவர். முதுகில் 31-ஆம் நம்பர். 1940-இல் அந்தக் கட்சி சாம்பியன் பட்டம் பெற்றபோது அவரும் ஆடினார். பிறகு யுத்தத்துக்குப் போனார். 1941 ஜூலை 31-ஆம் தேதி வட ஆப்பிரிக்காவில் டோப்ருக் என்னுமிடத்தில் இறந்து போனார். மகனுக்கு அப்போது வயது ஐந்து.

தகப்பனாருடன் கூட ஆடியவர் நார்ம் ஸ்மித். அவர் பிற்பாடு மெல்போர்னின் கோச் ஆனார். பையனின் தாயார் மறுமணம் செய்து கொண்டு டாஸ்மேனியாத் தீவுக்குப் போனபோது, பையன் போகவில்லை. ஸ்மித் அவனைத் தம் வீட்டோடு வைத்துக் கொண்டார். தகப்பன் ஆடிய கட்சியிலேயே மகனும் ஆடலாம் என்று அந்த நாளில் ஒரு விதி புதிதாக வந்திருந்தது. அதன்படி முதன் முதலாகச் சேர்ந்த சிலரில் ஒருவனாக, 1953-இல், தகப்பனாரின் அதே 31-ஆம் நம்பரை முதுகில் போட்டுக் கொண்டு பையன் மைதானத்தில் இறங்கினான்.

அதற்குப் பிறகு நடந்தது மெல்போர்னின் பொற்காலம். 1955, 56, 57, 59, 60, 64 ஆகிய ஆறு வருஷங்களில் ஆறு பட்டங்கள். ஸ்மித் கோச்; பராஸி ஆட்டக்காரர்; கடைசி இரண்டு பட்டங்களின்போது அவரே காப்டன். வீட்டில் வளர்ப்புத் தகப்பன், மைதானத்தில் குரு. ஊரிலுள்ள பையன்கள் எல்லாம் தாய்மார்களிடம் அடம் பிடித்து முதுகில் 31 தைத்துப் போட்டுக் கொண்டார்கள்.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. 1964-இல் பட்டம் பெற்ற கையோடு பராஸி கார்ல்டனுக்குப் போய்விட்டார். 1947-க்குப் பிறகு பட்டமே காணாத கட்சி அது. காப்டனாகவும் கோச்சாகவும் இரு என்று அழைத்தார்கள். ஸ்மித் இருக்கிறவரையில் மெல்போர்னில் இன்னொரு கோச்சுக்கு இடமில்லை. அவரைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரவும் பராஸிக்கு மனமில்லை. தகப்பன் வீட்டிலேயே கடைசி வரை பிள்ளையாக இருப்பதா, வெளியேறிப் போய்த் தனிக் குடித்தனம் வைப்பதா? அவர் வெளியேறினார்.

இன்றைக்கு ஆட்டக்காரர்கள் கட்சி மாறுவது சர்வ சாதாரணம். அந்த நாளில் அப்படியில்லை. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஒருவர் தம் கட்சியை விட்டு எதிர்க் கட்சிக்குப் போவது ஊரையே உலுக்கியது. போதாததற்கு, மறு வருஷம் ஜூலை மாதம் மெல்போர்ன் நிர்வாகிகள் ஸ்மித்தையே வேலையை விட்டு நீக்கினார்கள். சில நாட்களில் திரும்ப அழைத்துக் கொண்டார்கள் என்றாலும் உடைந்தது உடைந்ததுதான். 1964-க்கு அடுத்த பட்டம் மெல்போர்னுக்கு 2021-இல்தான் கிடைத்தது. நடுவில் ஐம்பத்தேழு வருஷம்!

பேரன் இதையெல்லாம் கேட்டுக் கொண்டு வந்தான். "அப்ப அவரும் துரோகிதான்" என்றான். நானோ மகனோ மறுத்துப் பேசவில்லை. ஜோலிமாண்ட் ஸ்டேஷன் வந்துவிட்டது.

ஸ்டேஷனிலிருந்து பூங்காவுக்குள்ளே நடந்தால் மைதானம். வசந்தத்தின் ஆரம்பம், மரங்களில் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. சிலையடியில் பூங்கொத்துகள் கிடந்தன. பூங்கொத்துகளுக்கு நடுவில் மப்ளர்கள். சிவப்பு நீலமும், கருநீலமும், வெள்ளை நீலமும், சிவப்பு வெள்ளையும். ஒன்றோடொன்று தகராறு செய்து கொள்ளாமல் படுத்திருந்தன. பேரன் நிறங்களை எண்ணினான். "நாலு கட்சி!" என்றான் மெதுவாக.

நாலு கட்சியும் உண்மைதான். அங்கே நின்றவர்கள் ஆளுக்கு ஒரு பராஸியைக் கொண்டு வந்திருந்தார்கள்.

கருநீல மப்ளர் போட்ட ஓர் அம்மாள், அறுபதைத் தாண்டியவர், தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். 1970-ஆம் வருஷ இறுதி ஆட்டம். கார்ல்டனும் காலிங்வுட்டும் ஆடின. எம்.சி.ஜி.யில் அன்றைக்கு வந்த கூட்டம் 1,21,696 பேர். அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பாதி ஆட்டத்தில் கார்ல்டன் 44 பாயிண்டு பின்தங்கியிருந்தது. அந்த நிலைமையிலிருந்து யாரும் மீள்வதில்லை. இடைவேளையில் கோச் பராஸி, பந்தைக் குருட்டாம்போக்கில் உதைக்காதே, முஷ்டியால் தட்டிக் கொடு, ஓடு, மறுபடியும் தட்டிக் கொடு என்று உத்தரவு போட்டார். அதுவரை ஹாண்ட்பால் என்பது வேறு வழியில்லாதபோது செய்கிற காரியம். அதையே அவர் ஆயுதமாக்கினார். கார்ல்டன் பத்துப் பாயிண்டில் ஜெயித்தது. ஆட்டமே அன்றையிலிருந்து மாறிவிட்டது என்கிறார்கள்.

"என் அப்பா இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டார்" என்றார் அந்த அம்மாள். "தோல்வியைக் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று டிராம் பிடித்து வீட்டுக்கு வந்தார். வீட்டில் ரேடியோ பாடுகிறது, கார்ல்டன் ஜெயிக்கிறது! அப்பா கொல்லைக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டார். அதற்கப்புறம் முப்பது வருஷம், பாதி ஆட்டத்துக்குப் பின் நடந்ததையெல்லாம் நேரில் பார்த்த மாதிரி ஊரெல்லாம் வர்ணித்தார். அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். காட்டிக் கொடுக்கவில்லை. சாகிறதற்கு ஒரு வாரம் முன்னால் என்னைக் கூப்பிட்டு, 'பராஸி இருக்கிறபோது நான் எழுந்து வந்திருக்கக் கூடாது' என்றார். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்."

வெள்ளை நீல மப்ளர் போட்ட ஒரு தாடிக்காரர் வடக்கு மெல்போர்ன் கட்சி. அவர்கள் 1925-இல் பெரிய பந்தயத்தில் சேர்ந்ததிலிருந்து ஐம்பது வருஷம் பட்டம் என்பதே கிடையாது. 1973-இல் பராஸி கோச்சாக வந்தார். 1975-இல் முதல் பட்டம். 1977-இல் இறுதி ஆட்டம் சமனாகி, அடுத்த வாரம் மறுபடி ஆடி இரண்டாவது பட்டம். "எங்களால் ஜெயிக்க முடியும் என்று எங்களுக்கே தெரியாது. அவருக்குத்தான் தெரிந்தது" என்றார் அவர். அதற்கு மேல் பேச முடியாமல் மூக்கைத் துடைத்துக் கொண்டார்.

சிவப்பு வெள்ளை மப்ளர் சிட்னி நகரத்துக் கட்சிக்கு உரியது. 1993-இல் அந்தக் கட்சி தொடர்ந்து தோற்றுக் கொண்டிருந்தது. 57 வயதில், பட்டங்கள் எல்லாம் பெற்ற பிறகு, அந்த முழுகுகிற கப்பலில் போய் ஏறினார் பராஸி. மூன்று வருஷம் இருந்தார். அவர் விலகிய மறு வருஷமே அந்தக் கட்சி இறுதி ஆட்டம் வரை வந்தது. மப்ளரை வைத்துவிட்டுப் போனவர் யாரோ, நாங்கள் பார்க்கவில்லை.

ஓர் இளம் பெண் மப்ளர் எதுவும் இல்லாமல் வந்தாள். ஒரே ஒரு பூவை வைத்தாள். அவளுக்குப் புட்பால் தெரியாதாம். 2008-ஆம் வருஷக் கடைசி இரவில், புத்தாண்டுக் கூட்டத்தில், செயின்ட் கில்டா பகுதியில் ஒரு பெண்ணை ஒருவன் அடித்தான். அவளுக்கு உதவப் போனார் பராஸி. அப்போது அவருக்கு 72 வயது. அவரையும் கீழே தள்ளி அடித்தார்கள், உதைத்தார்கள். "அந்த வயதில் அவர் எழுந்து போனாரே, அதற்காக வந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

கடைசியாகத்தான் அந்தக் கிழவரைக் கவனித்தேன். கிழவர் என்று எழுதுகிறேனே தவிர, எனக்கு இளையவர், எழுபதை நெருங்குகிறவர். சிவப்பு நீல மப்ளர். வெகு நேரமாக ஓரமாய் நின்று கொண்டிருந்தார். பேரனின் மப்ளரைப் பார்த்ததும், தம் இனத்தைக் கண்டவர் போலச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை அழுதாயா?" என்று கேட்டார்.

பேரன் தலையாட்டினான்.

"நானும்தான்" என்றார் அவர். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னத் துணியை எடுத்தார். வெளுத்து, பழுப்பேறின வெள்ளைத் துணி. 31 என்ற எண்ணின் வடிவத்தில் வெட்டியது. ஓரமெல்லாம் நூல் பிய்ந்த தையல் துளைகள்.

"எனக்கு உன் வயசு இருக்கும்போது என் அம்மா இதை என் கம்பளிச் சட்டையில் தைத்துக் கொடுத்தாள்" என்றார். "1964 இறுதி ஆட்டத்துக்கு அதைப் போட்டுக் கொண்டு, அப்பாவின் தோள் மேல் உட்கார்ந்திருந்தேன். நாலு பாயிண்டில் ஜெயித்தோம். கிறிஸ்துமஸுக்குள் அவர் கார்ல்டனுக்குப் போய்விட்டார். நான் கத்தரிக்கோலை எடுத்து இதை வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அடுத்த வருஷம் அவர் கருநீலச் சட்டையோடு எங்களுக்கு எதிரே ஆட வந்தபோது, வேலியோரம் நின்று ஊளையிட்டேன். என் குரல் அவர் காதில் விழ வேண்டும் என்று ஊளையிட்டேன்."

"விழுந்ததா?" என்றான் பேரன்.

"தெரியாது. விழுந்திருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்."

1981-இல் பராஸி மெல்போர்னுக்கே கோச்சாகத் திரும்பி வந்தாரே, அப்போது கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்டேன். கிழவர் சிரித்துவிட்டார். "அந்த வருஷம் பூராவும் ஒரே ஓர் ஆட்டம்தான் ஜெயித்தோம். அவ்வளவு பரிதாபமான நிலைமையில் யாரை யார் கோபித்துக் கொள்வது? ஆனால் அந்த ஐந்து வருஷத்தில் அயர்லாந்திலிருந்து ஆட்டமே தெரியாத பையன்களை வரவழைத்துப் பழக்கினார். அதில் ஒருவன் ஜிம் ஸ்டைன்ஸ். 1991-இல் வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரன் பதக்கம் வாங்கினான். தொடர்ந்து 244 ஆட்டம் ஆடினான். அவர் போன பிறகுதான் அவர் நட்டது காய்த்தது. கோபமா? கோபம் எப்போது போயிற்று என்று எனக்கே தெரியாது. அவரிடம் போய்ச் சொல்லவும் இல்லை."

"குப்பையில் போட்டதாகச் சொன்னீர்களே, இது எப்படி?" என்று என் மகன் துணியைக் காட்டிக் கேட்டான்.

"அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். அவள் போன பிறகு பொத்தான் டப்பாவைக் குடைந்தேன். அடியில் மடித்துக் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்றாவது நான் கேட்பேன் என்று வைத்திருந்தாள் போலிருக்கிறது."

துணியைச் சிலையடியில் வைக்கக் குனிந்தார். வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடியும் எடுத்து மடித்துப் பைக்குள்ளேயே போட்டுக் கொண்டார். "இது அவருக்கு எதற்கு? அவரிடம்தான் ஒன்று இருந்ததே" என்றார். போகும்போது திரும்பி, பேரனிடம், "2021 இறுதி ஆட்டத்தில் நமக்கு ஆறு கோல் அடித்தானே, அவன் நம்பர் என்ன?" என்று கேட்டார்.

"முப்பத்தொண்ணு!" என்றான் பேரன். அந்த ஆட்டக்காரர் பெய்லி பிரிட்ச். மகாவியாதிக் காலமானதால் அந்த இறுதி ஆட்டம் மெல்போர்னில் இல்லாமல் பெர்த் நகரில் நடந்தது. ஐம்பத்தேழு வருஷத்துக்குப் பின் வந்த அந்தப் பட்டம் வரைக்கும் பராஸி உயிரோடிருந்தார்.

திரும்பும் வழியில் நான் யாருடனும் பேசவில்லை. எனக்கும் ஒரு முப்பத்தோராம் நம்பர் உண்டு.

என் பன்னிரண்டாம் வயதில் எனக்கு ஒரு தமிழாசிரியர் இருந்தார். நான் எழுதிய முதல் கதையைச் சிவப்பு மையால் திருத்து திருத்தென்று திருத்தி, பிறகு வகுப்பு முழுவதும் கேட்கப் படித்துக் காட்டியவர். "எழுதுகிறவன் பொய் சொல்லலாம்; சோம்பேறித்தனம் பண்ணக் கூடாது" என்பார். ஒரு வருஷ நடுவில் அவர் எங்கள் பள்ளியை விட்டு, ஊரின் மறு கோடியில் இருந்த போட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். அந்த ஆண்டுக் கட்டுரைப் போட்டியில் அவர் தயார் செய்த பையன் என்னைத் தோற்கடித்தான். அதோடு சரி. தெருவில் எதிர்ப்பட்டால் நான் மறு பக்கம் போய்விடுவேன். பந்திடமிருந்து விலகிப் பழகியவனுக்கு அது கஷ்டமாக இல்லை.

நாலு பெண்களைப் பெற்ற மனிதருக்கு அங்கே நிரந்தர உத்தியோகம் கிடைத்தது என்பதுதான் காரணம். அது எனக்கு முப்பது வயதுக்கு மேல் புரிந்தது. என் முதல் நாவல் வெளிவந்தபோது அவர் ஒரு கார்டு எழுதினார். நாலு வரி வாழ்த்து. ஒரு வரியில் இரண்டு பிழைகளைச் சுட்டிக் காட்டியிருந்தார். பதில் எழுத நினைத்தேன். நல்ல பதிலாக எழுத வேண்டும் என்று நாளை, நாளை என்று தள்ளினேன். பிறகு அவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். காரணம் புரியாமல் கோபித்ததைச் சிறு பிள்ளைத்தனம் என்று விட்டுவிடலாம். காரணம் புரிந்த பிறகும் எழுதாமலிருந்ததற்கு என்ன பெயர் கொடுப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்று இரவு பராஸியைப் பற்றித் தேடிப் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு விசித்திரமான தகவல் கண்ணில் பட்டது. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இயன் டர்னர் என்று ஒரு சரித்திரப் பேராசிரியர் இருந்தார். புட்பால் பைத்தியம். அவர் 1965 முதல் வருஷா வருஷம் ஒரு சொற்பொழிவு செய்து வந்தார். அதற்கு அவர் வைத்த பெயர்: 'ரான் பராஸி நினைவுச் சொற்பொழிவு.' பராஸி அப்போது ஆரோக்கியமாக, முப்பது வயதுகூட நிரம்பாமல், கார்ல்டன் மைதானத்தில் ஓடியாடிக் கொண்டிருந்தார்! வேடிக்கைக்காகத்தான் அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவில் இந்தப் புட்பாலை ஆடுகிற ஜனங்களையும் ரக்பி ஆடுகிற ஜனங்களையும் பிரிக்கிற ஒரு கற்பனைக் கோட்டுக்கு 1978-இல் அந்தச் சொற்பொழிவில்தான் 'பராஸிக் கோடு' என்று பெயரிட்டார். அந்த வருஷ முடிவிலேயே பேராசிரியர் காலமாகிவிட்டார். நினைவுச் சொற்பொழிவுக்கு உரியவர் அதற்குப் பின் நாற்பத்தைந்து வருஷம் வாழ்ந்தார்.

முதலில் படித்ததும் சிரித்தேன். பிறகு யோசித்தேன். அந்தப் பேராசிரியர் விளையாட்டாகச் செய்த காரியம்தான் எவ்வளவு புத்திசாலித்தனமானது! ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை, அவர் காதில் விழுகிற காலத்திலேயே சொல்லிவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் சிலை வாசலில் பூவோடு நின்றோம். அந்த அம்மாளின் தகப்பனார் மன்னிப்பை மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். கிழவரின் ஊளைதான் பராஸி காதில் விழுந்திருக்குமே தவிர, அவருடைய பாசம் விழவில்லை. நவம்பர் மாதம் அதே எம்.சி.ஜி. மைதானத்தில் அரசாங்கமே பெரிய நினைவுக் கூட்டம் நடத்தியது. நடத்த வேண்டியதுதான். ஆனால் கூட்டம் கேட்பவருக்காக நடக்கிறது, போனவருக்காக அல்ல.

விளக்கை அணைக்கப் போகிற சமயத்தில் பேரன் என் அறைக்கு வந்தான்.

"தாத்தா, கடைசில அவர் எந்தக் கட்சின்னு யாருமே சொல்லலியே?"

"நாலு மப்ளரையும் நீதானே எண்ணினாய்?" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக் கொண்டிருந்தான். நான் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதமும் பேனாவும் எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"உன் கோச்சுக்கு ஒரு கடிதம் எழுது" என்றேன். "அந்த எலெக்ட்ரீஷியனுக்கு."

"எதுக்கு? அவர் ஒண்ணும் செத்துப் போகலியே!"

"அதனால்தான்" என்றேன்.